சப்பாத்திக்கள்ளியும் ஒரு சிறிய அந்தும்



இலக்கிய மேடையில் ஒரு பூச்சியைப் பற்றிய பேச்சு எதற்கு என்னும் வினா எழலாம். தமிழ்ப் புலவர் மரபில் விட்டிலுக்கு ஓரிடம் உண்டு. விளக்கொளியை நாடி வீழ்ந்து மடியும் பேதைமைக்கு அஃது உவமை. அவ்வுவமைக்கு அப்பால் அந்துப்பூச்சியின் வாழ்வைப் புலவர் உலகம் மிகுதியாகத் தேடிச் சென்றதில்லை. இல்லத்தார் அறிந்ததும் தானியப் பானையில் பறக்கும் அந்தும் கம்பளியை அரிக்கும் அந்துமே. ஆயினும், மனிதர் ஓர் அந்துப்பூச்சிக்கு நன்றிக்கடனாக மண்டபம் எழுப்பிய ஊர் ஒன்று உலகில் இருக்கிறது.

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில், சின்சில்லா நகருக்கு அருகே பூனார்கா என்னும் சிற்றூர் உள்ளது. அவ்வூர் உழவர்கள் 1936ஆம் ஆண்டில் தமக்கென ஒரு பொது மண்டபம் கட்டினர். அதற்கு மன்னர் பெயரையோ படைத்தலைவர் பெயரையோ சூட்டவில்லை. கேக்டோபிளாஸ்டிஸ் நினைவு மண்டபம் என்று பெயரிட்டனர். கேக்டோபிளாஸ்டிஸ் கேக்டோரம் என்பது அந்தச் சிறிய அந்தின் அறிவியற்பெயர். தமிழில் அதனைக் கள்ளி அந்து எனலாம்.

உருவத்தால் இதற்கு எச்சிறப்பும் இல்லை. விரித்த சிறகுகளின் அகலம் 25 முதல் 40 மில்லிமீட்டர் வரை இருக்கும். முன்சிறகு சாம்பல் கலந்த பழுப்பு. அதன்மேல் மங்கிய கோடுகளும் புள்ளிகளும் உண்டு. பின்சிறகு வெளிறியது. ஓய்ந்திருக்கும்போது சிறகுகளை உடலோடு ஒட்டி மடித்துக்கொள்ளும். காய்ந்த சருகின் துணுக்கு என்றே காண்பவர் கருதிக் கடந்து செல்வர். அர்ஜென்டினாவில் பணியாற்றிய கார்லோஸ் பெர்க் என்னும் அறிஞர் 1885ஆம் ஆண்டில் இதனை முதன்முதலாக விவரித்து எழுதினார். அர்ஜென்டினாவின் வடபகுதி, பராகுவே, உருகுவே, பிரேசிலின் தென்பகுதி ஆகியவை இதன் தாயகம். அங்கே கள்ளிச் செடிகளும் உண்டு; இந்த அந்தும் உண்டு; இந்த அந்தின் புழுவை உண்டு வாழும் பகைவர்களும் உண்டு. ஒன்றை ஒன்று முற்றும் அழித்துவிடாத நெடுநாள் வாழ்க்கை அது.

வளர்ந்த அந்து உணவு உண்பதில்லை. உண்ணுதற்கு ஏற்ற வாயுறுப்பு அதற்கு அமையவில்லை. சிறகு முளைத்தபின் அதற்குக் கிடைப்பன சில நாள்களே. அந்நாள்களுக்குள் இணை தேடி, முட்டையிட்டு, மடிந்துவிடும். உண்ணும் தொழில் எல்லாம் புழுப் பருவத்துக்கு உரியது. தாய் உண்ணாத உணவைத் தன் மக்களுக்காகத் தேர்ந்து வைப்பது என்று இதனைச் சொல்லலாம். அந்தத் தேர்வுதான் கள்ளி அந்தின் வாழ்க்கையில் மிகப் பெரிய செயல்.

அது முட்டையிடும் முறை விந்தையானது. பூச்சிகள் பலவும் இலையின்மேல் முட்டைகளைப் பரப்பி வைக்கும். கள்ளி அந்தோ ஒரு முட்டையின்மேல் மற்றொரு முட்டையை, காசுகளை அடுக்குவது போல அடுக்கிச் செல்கிறது. எழுபது, எண்பது முட்டைகள் சேர்ந்து ஏறத்தாழ ஓர் அங்குல நீளமுள்ள மெல்லிய குச்சி ஆகிவிடும். கள்ளியின் மடலிலிருந்து நீட்டிக்கொண்டு நிற்கும் அக்குச்சி முள்ளைப் போலவே தோன்றும். முள் நிறைந்த செடியில் இன்னொரு முள்ளை எவர் ஐயுறுவார்? ஒரு பெண் அந்து இத்தகைய குச்சிகள் பலவற்றை வைக்கும்.

வெப்பநிலைக்கேற்ப ஏறத்தாழ ஒரு மாதத்தில் முட்டைகள் பொரிக்கும். இளம்புழுக்கள் தனித்தனியே பிரிந்து செல்வதில்லை. எல்லாம் ஓரிடத்தில் திரண்டு, ஒரே துளை வழியாக மடலுக்குள் நுழையும். கள்ளியின் தோல் தடிப்பானது. காயம்பட்டவுடன் கொழகொழத்த சாற்றைச் சுரந்து துளையை அடைத்துவிடும். முதலில் கடிக்கும் புழுக்கள் அச்சாற்றில் சிக்கி மடிவதும் உண்டு. பின்வருவன அந்த வழியே உட்செல்லும். ஒற்றைப் புழுவால் வெல்ல முடியாத அரணைக் கூட்டம் வெல்கிறது. உள்ளே சென்றபின் சதைப்பகுதி முழுவதையும் தின்று, தோலை மட்டும் விட்டுவைக்கும். துளையின் வாயிலிருந்து பச்சை நிறக் கழிவு வடியும். மடல் வெறும் பையாகி, வெளிச்சம் ஊடுருவும் அளவுக்கு மெலிந்து, அழுகி விழும். ஒரு மடல் தீர்ந்ததும் கூட்டம் அடுத்த மடலுக்குச் செல்லும். முற்றிய புழு ஆரஞ்சுச் சிவப்பு நிறமும் கரும்புள்ளிப் பட்டைகளும் கொண்டது. மங்கலான தாய்க்கு இத்துணைப் பளபளப்பான பிள்ளைகளா என்று வியக்கத் தோன்றும். வளர்ச்சி முடிந்ததும் அவை செடியை விட்டு இறங்கி, சருகுகளுக்கு அடியில் வெண்மையான பட்டிழைக் கூடு கட்டி, கூட்டுப்புழு ஆகும்.

தாய் அந்து இருளில் கள்ளியை எவ்வாறு தேர்ந்தெடுக்கிறது? ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 1995ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஒரு விடை தந்தது. பெரும்பாலான செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து கரியமில வாயுவை உட்கொள்ளும். வறண்ட நிலத்துக் கள்ளி அவ்வாறு செய்தால் உடலிலுள்ள நீரை இழந்துவிடும். ஆதலால் அது பகலில் துளைகளை மூடி, இரவின் குளிர்ச்சியில் திறந்து, வாயுவை ஈர்த்துச் சேமித்து, மறுநாள் வெயிலில் அதனை உணவாக்கிக்கொள்கிறது. நன்கு வளரும் மடலை ஒட்டிய காற்றில் இரவில் கரியமில வாயு சற்றே குறைந்திருக்கும். அந்தின் முகத்தில் முன்னோக்கி நீளும் இரு தடவுறுப்புகளின் நுனியில் சிறு குழி உண்டு. அக்குழிக்குள் அமைந்த உணர்முனைகள் அந்தக் குறைவை அறியவல்லன. மடலின்மேல் நடந்து, அவ்வுறுப்பின் நுனியால் தட்டித் தட்டிப் பார்த்தபின் அந்து முட்டையிடுகிறது. நலமுடன் வளரும் மடலை இவ்வாறே அது அறிகிறது என்பது ஆய்வாளர் கருத்து. விளக்கில் வீழும் பேதை என்று கவிஞர் கண்ட இனத்துள், இருளில் செடியின் மூச்சை அளக்கும் ஓர் உயிரும் இருக்கிறது.

இனி, கள்ளியைப் பற்றிச் சிறிது கூறியாக வேண்டும். சங்கப் பாடல்களில் பாலை நிலத்தில் நிற்கும் கள்ளி வேறு குடும்பத்தது. கீறினால் பால் வடியும். சப்பாத்திக்கள்ளியில் பால் இல்லை. நாகதாளி என்றும் சப்பாத்துக்கள்ளி என்றும் வழங்கப்படும் இச்செடியின் தாயகம் அமெரிக்கக் கண்டங்களே. சப்பாத்து என்பது காலணியைக் குறிக்கும் போர்த்துகீசியச் சொல்லின் வழிவந்தது. மடலின் வடிவத்தைக் காண்பவர்க்கு அப்பெயர் பொருத்தமாகவே தோன்றும். கடல் கடந்து வந்த செடி கடல் கடந்து வந்த சொல்லையே பெயராகப் பெற்றிருக்கிறது.

அது கடல் கடந்ததற்குச் சிவப்பு நிறமும் ஒரு காரணம். கள்ளியில் வாழும் கொச்சினீல் என்னும் சிறு பூச்சியிலிருந்து விலையுயர்ந்த சிவப்புச் சாயம் எடுக்கப்பட்டது. மெக்சிகோவை ஆண்ட ஸ்பெயின் அவ்வணிகத்தைத் தன் கைக்குள் வைத்திருந்தது. அதனை உடைக்க ஆங்கிலேயர் விரும்பினர். சென்னையில் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்னும் மருத்துவர் இதற்கெனவே சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டம் வளர்த்தார். 1795ஆம் ஆண்டில் நீல்சன் என்னும் படைத்தலைவர் பிரேசிலிலிருந்து கல்கத்தாவுக்குப் பூச்சியைக் கொண்டுவந்தார். ஆனால் அது சிறந்த சாயம் தரும் இனம் அன்று. தரம் குறைந்த வேறோர் இனம். சாயத் தொழில் செழிக்கவில்லை. பூச்சியோ ஒருவகைக் கள்ளியைத் தின்று அழித்தது. அதனைக் கண்டவர்கள் 1836 முதல் 1838 வரையிலான ஆண்டுகளில், கள்ளியை ஒழிப்பதற்கென்றே அப்பூச்சியைத் தென்னிந்தியாவில் பரப்பினர். களையை அழிக்கப் பூச்சியை ஏவிய தொடக்க நிகழ்ச்சிகளுள் ஒன்றாக இஃது எண்ணப்படுகிறது. பின்னர் 1926ஆம் ஆண்டில் இலங்கை வழியாக வந்த வேறொரு கொச்சினீல் இனம், தென்னிந்தியாவில் மண்டிக்கிடந்த நாகதாளியைப் பெரும்பாலும் அடக்கியது. எனவே தமிழ் மண்ணில் கள்ளியை வென்றது கொச்சினீல், அந்து அன்று. எனினும், அந்தின் கதைக்குள் இந்த மண்ணுக்கு ஒரு பங்கு உண்டு என்பது பின்னர் விளங்கும்.

ஆஸ்திரேலியாவுக்கும் கள்ளி சென்றது இதே சாய ஆசையால்தான். 1788ஆம் ஆண்டில் ஆர்தர் பிலிப் தலைமையில் சென்ற முதற் குடியேற்றக் கப்பல்கள், வழியில் பிரேசிலிலிருந்து கொச்சினீல் படிந்த கள்ளியை ஏற்றிச் சென்றன. சாயம் கைகூடவில்லை, செடி நிலைத்தது. பின்னர் வேறு வகைகளும் வந்தன. அவற்றுள் ஒன்று, மெக்சிகோ வளைகுடாவையும் கரீபியன் கடலையும் சூழ்ந்த நிலங்களுக்கு உரியது. 1839ஆம் ஆண்டளவில் தொட்டியில் வைத்துக் கொணரப்பட்ட அது, வேலிக்கும் அழகுக்கும் பயன்படும் என்று ஒரு வீட்டினர் மற்றொரு வீட்டினருக்கு மடல் கொடுத்து உதவ, ஊர்தோறும் பரவியது. ஆஸ்திரேலியாவில் இயற்கையாக வளரும் கள்ளி ஒன்றும் இல்லை. கள்ளியைத் தின்று பழகிய உயிரும் இல்லை. ஒடிந்து விழுந்த மடல் ஒவ்வொன்றும் வேர்விட்டது. பழத்தைத் தின்ற பறவைகள் விதையைத் தொலைவுக்குக் கொண்டு சென்றன. 1900ஆம் ஆண்டளவில் ஒரு கோடி ஏக்கரில் பரவியிருந்த கள்ளி, 1925ஆம் ஆண்டளவில் ஏறத்தாழ ஆறு கோடி ஏக்கரை அடைந்தது. அதில் பாதி, மனிதர் நுழைய முடியாத அடர்த்தியான புதர்.

குடியேறிய உழவர்களின் நிலை இரங்கத்தக்கது. வெட்டினால் வெட்டிய துண்டுகள் முளைத்தன. எரித்தனர், உருளைகளால் நசுக்கினர், ஆர்சனிக் நஞ்சு தெளித்தனர். நிலத்தின் விலையைவிட அதனைத் துப்புரவாக்கும் செலவு மிகுந்தது. விதை பரப்பும் ஈமுவையும் காக்கையையும் கொல்வோர்க்கு அரசு பணம் கொடுத்தது. செய்த பாவத்துக்குப் பறவையைத் தண்டித்த செயல் இது. கள்ளியை ஒழிக்கும் வழி காண்போர்க்கு 1901ஆம் ஆண்டில் 5,000 பவுன் பரிசு அறிவிக்கப்பட்டு, பின்னர் அது 10,000 ஆக உயர்த்தப்பட்டது. பெறுவோர் எவரும் இல்லை. பலர் வீட்டையும் நிலத்தையும் விட்டு வெளியேறினர். அவர்கள் கைவிட்ட நிலத்தையும் கள்ளி மூடியது.

1912ஆம் ஆண்டில் ஜான்ஸ்டன், ட்ரையன் என்னும் இரு அறிஞர்களைக் குயின்ஸ்லாந்து அரசு உலகப் பயணத்துக்கு அனுப்பியது. கள்ளியின் பகைவரைத் தேடி அவர்கள் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் வந்தனர். சாயத்துக்கென்று கொணரப்பட்டுக் கள்ளிக்கு எமனாகிய பூச்சியின் செய்தி அவர்களை ஈர்த்ததில் வியப்பில்லை. இப்பகுதியிலிருந்து சென்ற கொச்சினீல், ஆஸ்திரேலியாவில் ஒருவகைக் கள்ளியை அழித்தது. பூச்சியால் கள்ளியை வெல்லலாம் என்னும் நம்பிக்கையை ஊட்டியது. ஆனால் பெருங்கேடு விளைத்த வகையை அது தொடவில்லை. அர்ஜென்டினாவில் அவர்கள் கள்ளி அந்தையும் கண்டனர். அவர்கள் கொண்டு சென்ற புழுக்கள் பிழைக்கவில்லை. பிறகு உலகப் போர் வந்தது, முயற்சி நின்றது.

போருக்குப்பின் 1920ஆம் ஆண்டில் இதற்கெனத் தனி வாரியம் அமைந்தது. அதன் ஆய்வாளர் ஆலன் டாட் 1925ஆம் ஆண்டில் அர்ஜென்டினா சென்று, கன்கார்டியா என்னும் ஊருக்கு அருகே புழுக்களைத் திரட்டி வளர்த்து, ஏறத்தாழ 2,750 முட்டைகளை மரப்பெட்டிகளில் கள்ளி மடல்களோடு கப்பலேற்றினார். மே மாதம் அவை பிரிஸ்பேன் சேர்ந்தன. அவற்றின் வழிவந்த 527 பெண் அந்துகள் 1,00,605 முட்டைகள் இட்டன. அடுத்த தலைமுறை இட்டவை இருபத்தைந்து இலட்சம். ஆஸ்திரேலியாவில் பின்னர்ப் பெருகிய கள்ளி அந்துகள் யாவும் இந்த ஒரு கப்பற் சரக்கின் வழித்தோன்றல்கள்.

வெளியில் விடுமுன் ஒரு தேர்வு நடந்தது. பயிர்கள் பலவற்றைப் புழுக்களுக்கு முன் வைத்தனர். கள்ளியன்றி வேறொன்றையும் அவை ஏற்கவில்லை. பட்டினி கிடந்து மாண்டன. தேர்வாளர் கேட்ட கேள்வி, இப்பூச்சி கள்ளியைத் தவிர எதையேனும் தின்னுமா என்பது. நாட்டில் தனக்கென ஒரு கள்ளியும் இல்லாத ஆஸ்திரேலியாவுக்கு அக்கேள்வி போதுமானது. வேறு நாடு ஒன்றுக்கு அது போதாது.

1926ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அந்து வெளியே விடப்பட்டது. காகிதத்தில் ஒட்டிய முட்டைக் குச்சிகள் உழவர்களுக்கு அனுப்பப்பட்டன. அவர்கள் அக்காகிதத்தைக் கள்ளி மடலில் குத்தி வைத்தனர். சில ஆண்டுகளில் இருநூறு கோடிக்கும் மேற்பட்ட முட்டைகள் பரப்பப்பட்டன. அர்ஜென்டினாவின் அந்தும் மெக்சிகோ வளைகுடாவின் கள்ளியும் அதற்குமுன் ஒன்றையொன்று சந்தித்ததே இல்லை. அச்செடிக்கு இப்புழுவை எதிர்த்துப் பழக்கமில்லை. புழுவின் பழைய பகைவர்களோ கடலுக்கு அப்பால் நின்றுவிட்டனர். 1930, 1931ஆம் ஆண்டுகளில் மைல் கணக்கில் கள்ளிக்காடு அழுகிச் சரிந்தது. உணவு தீர்ந்தமையால் புழுக்கள் கோடிக்கணக்கில் பட்டினியால் இறந்தன. அடிவேரிலிருந்து கள்ளி மீண்டும் தழைத்தது. உழவர் நெஞ்சில் அச்சமும் தழைத்தது. எஞ்சிய அந்துகள் பெருகி அத்தளிரையும் தின்றன. 1930களின் நடுவில் பெரும்புதர்கள் மறைந்து, பழைய நிலங்களில் மீண்டும் உழவும் மேய்ச்சலும் தொடங்கின. பூனார்கா மண்டபம் எழுந்தது இந்த மகிழ்ச்சியில்தான். இன்றும் குயின்ஸ்லாந்தில் கள்ளியும் உண்டு, அந்தும் உண்டு. இரண்டும் சிறு அளவில் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு வாழ்கின்றன.

இத்துடன் கதையை முடித்துக்கொள்ளும் நூல்கள் பல. முடித்துக்கொண்டால் இனிமையாகவே இருக்கும்.

ஆஸ்திரேலியாவின் வெற்றி பிற நாடுகளின் ஆசையைத் தூண்டியது. தென் ஆப்பிரிக்கா 1933ஆம் ஆண்டில் அந்தைப் பெற்றது. முள்ளில்லாக் கள்ளியை மாட்டுத் தீவனத்துக்கென வளர்த்து வந்த உழவர்கள் அங்கே எதிர்த்தனர். ஒருவருக்குக் களை, மற்றவருக்குப் பயிர். 1957ஆம் ஆண்டில் தென் ஆப்பிரிக்காவிலிருந்து கரீபியன் கடலின் நெவிஸ் தீவுக்கு அந்து கொண்டு செல்லப்பட்டது. இச்செயல் முன்னவற்றோடு ஒத்ததன்று. நெவிஸில் மேய்ச்சல் நிலத்தை மூடியிருந்த கள்ளிகள் வேற்று நிலத்திலிருந்து வந்தவை அல்ல, அம்மண்ணுக்கே உரியவை. அளவு மீறிய மேய்ச்சலால் புல் அழிந்த இடத்தில் அவை பெருகியிருந்தன. கள்ளிகளின் சொந்த வீட்டுக்குள் அந்து நுழைந்தது அப்போதுதான். அங்கிருந்து அது தீவு தீவாகப் பரவியது. சில தீவுகளுக்கு மனிதர் கொண்டு சென்றனர். சிலவற்றுக்குத் தானே சென்றது.

1989ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்துத் தென்கோடித் தீவுகளில் கள்ளி அந்து காணப்பட்டது. அலங்காரச் செடி வணிகத்தோடு அது வந்திருக்கலாம் என்று ஆய்வாளர் கருதுகின்றனர். அத்தீவுகளில் செமஃபோர் கள்ளி என்னும் அரிய இனம் உண்டு. உலகில் வேறெங்கும் இயற்கையாக வளராத அச்செடி, அன்று பத்துப் பன்னிரண்டு மட்டுமே எஞ்சியதாக அறியப்பட்டிருந்தது. ஆறு கோடி ஏக்கருக்கு எதிராக ஏவப்பட்ட படை, பத்துப் பன்னிரண்டு செடிகளின் வாயிலில் வந்து நின்றது. பின்னர்ச் சற்றே பெரிய கூட்டம் ஒன்று வேறோர் இடத்தில் கண்டறியப்பட்டது. 2013ஆம் ஆண்டில் அவ்வினம் அமெரிக்க அரசின் அழிவுநிலைப் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

அந்து அங்கே நிற்கவில்லை. கடற்கரை வழியே மேற்கு நோக்கி நகர்ந்து 2004ஆம் ஆண்டில் அலபாமாவை, 2009ஆம் ஆண்டில் லூசியானாவை எட்டியது. 2006ஆம் ஆண்டில் மெக்சிகோவின் முஹெரெஸ் தீவில் காணப்பட்டபோது அந்நாடு நடுங்கியது. மெக்சிகோவில் கள்ளி என்பது களை அன்று. மடல் கறியாகும், பழம் சந்தைக்குப் போகும், வறட்சியில் கால்நடைக்குத் தீவனமாகும். அந்நாட்டுக் கொடியில் கழுகு அமர்ந்திருப்பது கள்ளிச் செடியின்மேல்தான். எனவே செடி செடியாகத் தேடி, முட்டைக் குச்சிகளைப் பொறுக்கி, புழு நுழைந்த மடல்களை அழித்தனர். கதிர்வீச்சால் மலடாக்கப்பட்ட அந்துகளைப் பறக்கவிட்டனர். அவற்றோடு இணைந்த பெண் அந்தின் வழி பெருகாது. 2009ஆம் ஆண்டில் அந்து ஒழிந்தது என்று மெக்சிகோ அறிவித்தது. ஆனால் அடுத்த பத்தாண்டுக்குள் அந்து டெக்சாஸ் மாநிலக் கடற்கரையை அடைந்துவிட்டது. டெக்சாஸுக்குத் தெற்கே இருப்பது மெக்சிகோ.

இதுகாறும் அந்து ஒரு சிறிதும் மாறவில்லை என்பது கருதத்தக்கது. பூனார்காவில் மண்டபம் பெற்ற அதே தடவுறுப்பு, அதே குச்சி, அதே கூட்டம்தான் ஃபுளோரிடாவில் குற்றவாளி ஆயிற்று.

இப்போது ஆய்வாளர் கண் மீண்டும் அர்ஜென்டினாவின்மேல் படிந்துள்ளது. கப்பலில் ஏறாமல் கரையில் நின்றுவிட்ட பகைவர்களுள் ஒன்று, அப்பாண்டெலிஸ் என்னும் பேரினத்தைச் சேர்ந்த மிகச் சிறிய குளவி. கள்ளி அந்தின் புழுவுக்குள் முட்டையிட்டு, உள்ளிருந்தே அதனைத் தின்று வளரும். அதனை ஃபுளோரிடாவுக்குக் கொணர்ந்து, வெளியேற முடியாத காப்பறைக்குள் வைத்து ஆராய்ந்தனர். வட அமெரிக்காவில் உள்நாட்டுக் கள்ளிகளைத் தின்று, அவற்றை ஒழிக்காமல் வாழ்ந்துவரும் உள்நாட்டு அந்துகளும் உண்டு. அவற்றின் புழுக்களைக் குளவிக்கு முன் வைத்து, அது தொடுகிறதா என்று பார்ப்பது அந்த ஆய்வின் ஒரு பகுதி. 1925ஆம் ஆண்டில் பிரிஸ்பேனில் கேட்கப்படாத கேள்வி அது.